ஔவுக்கு ஒரு சொல்

ஒரு மொழியைக் காப்பாற்றப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால், முதலில் அந்த மொழிக்குத் தகவல் சொல்லிவிடுவது நல்லது. எங்காவது ஓடி ஒளிந்துகொள்ள அவகாசமாவது கிடைக்கும். அனுபவத்தில் சொல்கிறேன். இருபத்து மூன்று வயதில் நான் ஒரு மொழியைக் காப்பாற்றினேன். அது எப்படியோ என்னிடமிருந்து பிழைத்துக்கொண்டது.

அறுபதுகளின் கடைசி அது. திருப்பூரில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. பனியன் கம்பெனிகளுக்கு லேபிளும், அட்டைப்பெட்டி மேல் ஒட்டும் படமும் அச்சடிக்கிற இடம். படம் வரைவது நான். அன்னம், கிளி, தாமரை, நெஞ்சை நிமிர்த்திப் பனியனோடு நிற்கும் ஆண்பிள்ளை, இந்த நான்கும் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். ஐந்தாவதாக ஒன்று, கண்ணைத் திறந்துகொண்டாலும் வராது. இது போகப் புலவர் தேர்வின் முதல் பகுதியை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். (தேறவில்லை. அது பிறகுதான் தெரிந்தது. காத்திருந்த நாலு மாதமும் நான் புலவர்தான்.)

ஊரில் அப்போது ஆளாளுக்கு மொழியைக் காப்பாற்றிக்கொண்டிருந்த காலம். எங்கள் மேல் இன்னொரு மொழியைத் திணிக்காதே என்று நானும் ஊர்வலத்தில் போய்த் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன். கட்டிய தொண்டை சரியாகி வெகுநாள் ஆகவில்லை. அதற்குள் என்ன காரியம் செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

என் அக்கா தெய்வானை, உடுமலைக்குத் தெற்கே மலைமேல் ஒரு பழங்குடிக் குடியிருப்பில் டீச்சராக இருந்தாள். ஒரே அறை, ஒரே டீச்சர், இருபது பிள்ளைகள். மாமாவுக்கு அடிவாரத்து அணைக்கட்டில் உத்தியோகம் என்பதால் குடியிருப்பு கீழே, பள்ளிக்கூடம் மேலே. தினமும் ஏறி இறங்குவாள். அந்த மலை மக்கள் பேசுவது தனி மொழி. தமிழ் மாதிரியே காதில் விழும், பிடிக்கப் போனால் நழுவிவிடும். அதைப் பேசுகிற மொத்தப் பேரையும் நாலைந்து பஸ்ஸில் ஏற்றிவிடலாம். (அவர்களுடைய சொல் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதமாட்டேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.)

பொங்கலுக்கு வந்த அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா பலமுறை கேட்ட பிறகு சொன்னாள். கல்வி அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறார். ஒரு பிள்ளையை எழுப்பிப் படிக்கச் சொன்னார். பிள்ளை தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தது. அதிகாரி எழுந்து போய், புத்தகத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தார். பிள்ளை அதே வேகத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல் மறுபடியும் ஒப்பித்தது.

"எழுத்தெல்லாந் தெரியுதுடா அதுகளுக்கு. எழுத்து எதையாச்சும் சொல்லும்ங்கறதுதான் தெரியல. தெரியாத பேச்சுல இருக்கற புஸ்தகம் என்னத்தச் சொல்லும்?" என்றாள் அக்கா. "அடுத்த வருசமும் இப்படியே இருந்துச்சுன்னா பள்ளிக்கூடத்த மூடிப்போட்டு, பிள்ளைகள அடிவாரத்துக்கு வரச் சொல்லிருவாங்களாம். யானை நடக்கற தடம் அது. எந்தத் தாய் அனுப்புவா?"

இன்னொன்றும் சொன்னாள். மாரி என்று ஒரு பெண், அவளுடைய மகள் பொன்னி எட்டு வயசு. சந்தையில் அம்மாவோடு தங்கள் மொழியில் பேசியதைக் கேட்டு யாரோ நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா எதைக் கேட்டாலும் பொன்னி தமிழில்தான் பதில் சொல்கிறாளாம். அதைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் ஆரம்பித்துவிட்டன.

"அவங்க பேச்சுலயே சின்னதா ஒரு புஸ்தகம் இருந்தா படிச்சுக்குமுன்னு அதிகாரிகிட்டச் சொன்னேன். செஞ்சு காட்டுங்க, ஆனி மாசம் வந்து பாக்கறேன்னாரு. எனக்கு அந்தப் பேச்சு அரைகுறைதான். யாரு செஞ்சு தருவாங்கன்னு தெரியல."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு பொங்கல் சாப்பிட்டிருக்கலாம்.

"இதுல என்னக்கா இருக்குது, ஒரு வாரத்துல முடிச்சுத் தர்றேன்" என்றேன்.

அச்சக முதலாளி சின்னியப்பன் இலவசமாகவே அச்சடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு வாரம் லீவும் கொடுத்தார். நல்ல மனசு என்று நினைத்தேன். பின்னட்டை விஷயம் அப்போது எனக்குத் தெரியாது.

பல்லடம் போய், உடுமலை போய், அடிவாரம் போய், அக்காவுக்குப் பின்னால் மலையேறினேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு, கக்கத்தில் நோட்டு. அந்த வாரத்தில் சில சிறு அசௌகரியங்கள் ஏற்பட்டன. காலில் அட்டை கடித்தபோது கொஞ்சம் குரல் கொடுத்தேன். (மூன்று வளைவு தள்ளித் தேனெடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆச்சோ என்று ஓடி வந்தார்கள்.) செருப்பில் ஒன்றை ஓடை எடுத்துக்கொண்டது. மீதி ஒன்றைப் போட்டுக்கொண்டே இரண்டு நாள் நடந்தேன். பலாப்பழம் விழுந்த சத்தத்தை யானை என்று நினைத்து, கூரை மேல் ஏறிக் கொஞ்ச நேரம் இருந்தேன். தேனடையை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்காமல், மெழுகோடும் உள்ளே இருந்த புழுவோடும் முழுங்கினேன். இதெல்லாம் ஆராய்ச்சியாளர்களுக்குச் சகஜம் என்று நினைத்துக்கொண்டேன்.

சொற்களைச் சொல்லித் தர மாரிதான் வந்தாள். நாற்பது வயசிருக்கும், நிதானமான பேச்சு. எங்களோடு பேசும்போது எங்களைவிட மரியாதையான கொங்குத் தமிழ் பேசுவாள். முதல் நாள் அவளே ஆரம்பித்தாள்.

"வாத்தியாருங்க, தேனெடுக்கறதுல இருந்து ஆரம்பிச்சுக்கலாமுங்களா? பிள்ளைங்களுக்கு அதுல நெறைய வார்த்தை தெரியுமுங்க. ஒரு சின்னக் கதையாட்டச் சொல்றனுங்க."

"அதெல்லாம் வேண்டாம்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு. அ, ஆ, இ, ஈன்னுதான் போகணும். அகரவரிசை."

"எங்க பேச்சுல அப்படி வரிசை இல்லீங்களே."

"அதைப் போடத்தான் நான் வந்திருக்கேன்."

இதைச் சொன்ன வாய் இன்னும் என் முகத்தில்தான் இருக்கிறது. தினமும் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.

முப்பது எழுத்து, முப்பது சொல், முப்பது படம். அதுதான் என் திட்டம். பாதிக்கு மேல் சுலபமாகக் கிடைத்தது. அப்புறம் தகராறு. ஐயில் ஆரம்பிக்கும் சொல் அவர்களிடம் இல்லை. ங இல்லை, ஞ இல்லை. ஔ இல்லவே இல்லை. தமிழிலேயே ஔவுக்குச் சொல் தேட நாக்குத் தள்ளும். ஔடதம் என்று பாடப் புத்தகத்தில் படிப்போம், எந்த வீட்டில் காய்ச்சலுக்கு ஔடதம் கேட்கிறார்கள்? அந்தக் கஷ்டம் அவர்களுக்கு மட்டும் எதற்கு இல்லாமல் போக வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ, விடவில்லை.

"ஔவுல யோசிங்கம்மா."

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு மொழின்னா ஔ இல்லாம இருக்காது."

"எங்களுக்கு இல்லீங்க."

"மறந்துபோயிருக்கும். இப்படித்தான் மொழி அழியுது" என்று அவளுக்கே விளக்கினேன். அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள்.

நாலு நாள் இப்படி. ஐந்தாம் நாள் காலையில் மாரி சிரித்த முகமாக வந்தாள். ராத்திரி பெரியவர்களிடமெல்லாம் கேட்டாளாம், ஞாபகம் வந்துவிட்டதாம். ஐக்கு ஒரு பறவை. ஞவுக்கு ஒரு கிளி. ஙவுக்கு ஒரு மரம். ஔவுக்கு ஒரு பூ. பாக்கி இருந்த பதினோரு எழுத்துக்கும் மளமளவென்று சொன்னாள். எல்லாம் நீள நீளமான சொற்கள். பழமையான சொல் நீளமாகத்தான் இருக்கும் என்று பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டேன். நான் விடாமல் கேட்டதால் அல்லவா வெளியே வந்தது என்று அக்காவிடம் பெருமையடித்தேன். அவள் மாரியைப் பார்த்தாள். மாரி மரத்தைப் பார்த்தாள்.

திருப்பூர் திரும்பி, புத்தகம் செய்யும் கைங்கரியத்தில் இறங்கினேன். படத்துக்குக் குறையில்லை. பறவை என்றால் அன்னம், கிளிக்குக் கிளி, எந்தப் பூவானாலும் தாமரை, மரத்துக்குத் தண்டை நீட்டிய தாமரை. அந்த மலையில் தாமரைக் குளம் கிடையாது என்பது ஒரு பொருட்டா? அப்பா, மாமன், தேனெடுப்பவர் மூவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பனியனில் நின்றார்கள். மரமேறித் தேனெடுப்பவர் தலையில் படிய வாரிய வகிடு வேறு.

இன்னொரு சிக்கல் இருந்தது. அந்த மொழியில் தமிழில் இல்லாத ஓர் ஒலி உண்டு. தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் எங்கோ பிறக்கும். அதற்கான எழுத்து எங்கள் அச்சகத்தில் இல்லை. அச்சகத்தில் இல்லாத ஒலி மொழியில் எப்படி இருக்க முடியும்? எடுத்துவிட்டேன்.

அச்சுக்குப் போகுமுன் புரூப்பை மாரியிடம் ஒருமுறை காட்டிவிடு என்று அக்கா கடிதம் எழுதினாள். "அந்தம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்று பதில் போட்டேன். படித்துக் காட்டலாம் என்கிற யோசனை ஒரு புலவருக்குத் தோன்றுமா?

பனியன் சீசன் அது. லேபிள் வேலைக்கு நடுவே புத்தகம் ஒதுங்கி ஒதுங்கி, அதிகாரி வருகிற அன்றைக்குத்தான் கட்டு தயாரானது. விடிகாலையில் நானும் முதலாளியும் கட்டுகளோடு பஸ் ஏறினோம். புத்தகத்தைப் பார்க்கிற ஆசையில் வருகிறார் என்று நினைத்தேன். மலைமேல் போய்க் கட்டைப் பிரித்ததும்தான் பின்னட்டை தெரிந்தது. பக்கம் முழுக்கப் பனியன் விளம்பரம். அவருடைய மச்சினன் கம்பெனி. "வேர்வையை உறிஞ்சும், வெற்றியைத் தரும்" என்று போட்டிருந்தது. முன்னட்டையில் புத்தகத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் என் பெயர் இருந்ததால், அதைப் பற்றி நான் எதுவும் சொல்கிற நிலைமையில் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே மரத்தடியில் குடியிருப்பு முழுவதும் உட்கார்ந்திருந்தது. அதிகாரிக்கு நாற்காலி. கனத்த மூக்குக் கண்ணாடி, சிரித்துப் பழக்கமில்லாத முகம். அக்கா பிள்ளைகளின் வரிசையைத் திருத்திக்கொண்டே இருந்தாள். முன்வரிசையில் ஒரு பெரியவர் படத்திலிருந்த தேனெடுப்பவரை வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, இவருக்கு நெஞ்சுல என்ன, தேனீ கொட்டிருச்சுங்களா? இப்படி வீங்கியிருக்குது" என்று என்னிடம் அக்கறையாகக் கேட்டார்.

அதிகாரி பொன்னியை எழுப்பினார். முதல் இரண்டு பக்கம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். மூன்றாவதில் நின்றாள்.

"இப்படி ஒரு வார்த்தை இல்லீங்க டீச்சர். இதுல ஒரு சத்தம் கொறையுது" என்றாள். பிறகு அந்தக் குறைந்த சத்தத்தைச் சேர்த்துச் சரியாகச் சொன்னாள். அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். அச்சுப்பிழை என்றேன்.

ஐயன்னா பக்கம் வந்தது. அன்னம் வரைந்த பக்கம். பொன்னி அந்த நீளச் சொல்லை மெல்ல மெல்லக் கூட்டினாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி சொல்லைப் படித்தாள், இந்த முறை மனசுக்குள். அப்புறம் தலையைத் தூக்கி என் காலைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"நிறுத்தாம படி" என்றார் அதிகாரி.

சத்தமாகப் படித்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒரே நேரத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பொன்னி பக்கங்களைத் தாவிப் புரட்டினாள், கிளி வந்தது. ஒரு பெரியவர் அப்படியே சாய்ந்து பக்கத்து ஆள் மேல் விழுந்தார். பின்னுக்குப் புரட்டினாள், மரம். இப்போது பிள்ளைகள் எல்லாம் தங்கள் தங்கள் புத்தகத்தைப் புரட்டி, பொன்னியை முந்திக்கொண்டு படித்துச் சிரிக்க ஆரம்பித்தன. ஔவன்னாவுக்குத் திரும்பியபோது ஊரே இருமிக்கொண்டிருந்தது. சிரிக்காதவர்கள் நாலே பேர். அதிகாரி, முதலாளி, அக்கா, நான். அக்காவும் கொஞ்ச நேரத்தில் கட்சி மாறிவிட்டாள்.

"என்ன இது? அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று அதிகாரி கேட்டார். மாரி எழுந்தாள். நேராக என்னைப் பார்த்தாள்.

"சொல்லட்டுங்களா, வாத்தியாருங்க?"

தலையாட்டினேன்.

"அன்னம் போட்டிருக்கறதுங்களா, அது ஒத்தச் செருப்போட நடக்கறவன்னு அர்த்தமுங்க. கிளி இருக்கறது, பலாப்பழத்துக்குப் பயந்து கூரையேறினவன். மரம், புழுவோட தேனத் தின்னுட்டு நல்லாருக்குதுன்னவன்."

"அந்தத் தாமரை?"

"ஔன்னு ஒரு சத்தமே எங்க பேச்சுல இல்லீங்க, சாமி. அட்டை கடிச்சப்ப வாத்தியாருதான் போட்டாருங்க. அதனால அத முன்னால வெச்சுக்கிட்டு..." கொஞ்சம் தயங்கினாள். "ஔன்னு கத்திக்கிட்டு மலையேறி வந்து, நம்ம பேச்ச நமக்கே சொல்லிக் குடுக்கறவன். அதானுங்க அர்த்தம்."

அதிகாரியின் முகம் அசையவில்லை. "அரசாங்கக் காரியத்துல இப்படி விளையாடலாமா?" என்றார்.

"விளையாட்டு இல்லீங்க. நாலு நாளா இல்லீங்க, இல்லீங்கன்னு சொன்னனுங்க. இல்லைங்கறத மட்டும் அவரு எழுதிக்கவே இல்லீங்க. பின்னென்ன பண்றது? புதுசாத்தான் செஞ்சு குடுத்தனுங்க."

அந்த நிமிஷம், அக்காவின் வேலை, பள்ளிக்கூடம், இருபது பிள்ளைகள் எல்லாம் என் காலடியில் உருண்டு மலையிறங்குவதைப் பார்த்தேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"டீச்சர், இந்தப் புத்தகம் எப்ப வந்தது?"

"இன்னைக்குக் காலைலங்க சார்" என்றாள் அக்கா, அழுகிற குரலில்.

"இந்தச் சொல்லெல்லாம் பிள்ளைங்க இதுக்கு முன்னால கேட்டதுண்டா?"

"எங்கீங்க சார். அந்தம்மா புதுசா உண்டாக்குனது. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அதிகாரி புத்தகத்தை வாங்கி, கடைசிப் பக்கங்களிலிருந்து ஒன்றைப் பிரித்து, மூலையில் இருந்த சின்னப் பயல் ஒருவனிடம் கொடுத்தார். அவன் கூட்டிப் படித்தான், யோசித்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான். இன்னொரு பிள்ளை. அதுவும் படித்தது, யோசித்தது, என்னைப் பார்த்தது, சிரித்தது. ஆறு பிள்ளைகளிடம் சோதித்தார். (ஆறுமுறையும் நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.)

"போன வருஷம் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு ஒப்பிச்சாங்க" என்றார். "இதை ஒப்பிக்க முடியாது. நேத்து வரைக்கும் உலகத்துலயே இல்லாத சொல். படிச்சாத்தான் வரும். படிச்சுப் புரிஞ்சாத்தான் சிரிப்பும் வரும்." நோட்டை எடுத்து எழுதினார். எழுதி முடித்து மூடிய பிறகுதான், ஔவன்னாப் பக்கத்தை இன்னொருமுறை பிரித்து, தாமரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகம் சிரிப்பில் உடைந்தது. நாற்காலி ஆடியது. பள்ளிக்கூடம் மூடப்படவில்லை.

அந்த அமளியில் பொன்னி ஓடிப் போய் மாரியின் மடியில் விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டே ஏதோ கேட்டாள். தமிழில் அல்ல. மாரி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் அதே மொழியில் சொல்ல ஆரம்பித்தாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வருசம் கழிச்சு இன்னைக்குத்தாண்டா அந்தப் பிள்ள அம்மாகிட்ட அதுக பேச்சுல பேசுது" என்றாள்.

நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "என்னக்கா கேட்டா?"

"இந்த ஆளு இன்னும் என்னென்னல்லாம் பண்ணுனாருன்னு கேக்கறா."

இரண்டாம் பதிப்புக்கு மாரி திருப்பூருக்கே வந்தாள். டிரெடில் அச்சு மெஷின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து தேனெடுக்கிற கதையைச் சொன்னாள். நான் வாயைத் திறக்காமல் எழுத்துக் கோத்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் படித்துக் காட்டினேன், அவள் திருத்தினாள். இல்லாத ஒலிக்கு ஓர் எழுத்தின் கீழே புள்ளி வைத்துக்கொண்டோம். படங்களைப் பிள்ளைகளே வரைந்து அனுப்பினார்கள், ஒருவருக்கும் நெஞ்சு வீங்கவில்லை. முன்னட்டையில் மாரியின் பெயர். கிளம்பும்போது, இனிமேல் தன்னைக் கேட்காமல் அவர்கள் சொல் எதையும் எங்கேயும் எழுதக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். இன்றுவரை காப்பாற்றுகிறேன். நான் உருப்படியாகக் காப்பாற்றியது அது ஒன்றுதான்.

பல வருஷம் கழித்து என் மகள் நர்ஸ் வேலையில் சேர்ந்து, தடுப்பூசி போட அதே மலைக்குப் போனாள். அங்கே வெளியூர்க்காரர் ஒருவர் தேனை எப்படி எடுக்க வேண்டும் என்று பெண்களுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாராம். பின்வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியிடம் மெதுவாக ஒரு சொல்லைச் சொல்ல, இரண்டு பேரும் குனிந்துகொண்டு சிரித்தார்களாம். என்ன சொல் என்று இவள் கேட்டிருக்கிறாள். அர்த்தம் சொன்னார்களாம். ஔவில் ஆரம்பிக்கும் சொல்.

"எப்படி வந்துச்சுன்னு தெரியாதுங்க, எங்க பாட்டன் பூட்டன் காலத்துச் சொல்லுன்னாங்கப்பா" என்று மகள் வந்து சொன்னபோது வீட்டில் ஏதோ விசேஷம். அக்கா, மாமா, மருமகன் எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பாட்டன் காலமா? சுத்தத் தப்பு" என்றேன். "அந்தச் சொல் எப்ப உண்டாச்சு, எப்படி உண்டாச்சுன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியல. அடுத்த தடவை போறப்ப அவங்க மொழியைப் பத்தி நீயே அவங்களுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லிட்டு..."

முடிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து, என்னைப் பார்த்து, ஒரே குரலில் அந்தச் சொல்லைச் சொன்னார்கள்.